மருந்துக்கடைக்குப் போன நேரம்

யனினா: செருப்பைக் கழட்ட வேணாம் மேடம், அப்படியே வாங்க. தரை ஏற்கெனவே ஈரம்தான்.

நிபியா: இல்லம்மா, நான் உக்கார வரல. இந்த இனிப்புப் பெட்டியைக் குடுத்துட்டு...

யனினா: இதைக் குடுக்கவா இந்த மழையில இவ்வளவு தூரம் வந்தீங்க?

நிபியா: பஸ்லதான் வந்தேன். இறங்கினப்புறம் வீடு தெரியாம ரெண்டு தெரு சுத்திட்டேன்.

யனினா: குடையைக் குடுங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

சுல்மா: யாரடி அது?

யனினா: ஆஸ்பத்திரியில நான் கூட இருந்து பாத்துக்கிட்டேனேம்மா, மாட்டு டாக்டர் தார்தோ... அவரோட வீட்டம்மா.

சுல்மா: அட, டீச்சரம்மாவா?

யனினா: அம்மா, அடுப்புல எண்ணெய் புகையுது பாரு.

சுல்மா: புகையல. நான் பாத்துட்டுதான் வந்தேன். டீச்சரம்மா, ஏப்ரல்லயே உங்களை வந்து பாத்துத் துக்கம் கேட்டிருக்கணும். இந்த முட்டிய வெச்சுக்கிட்டு எங்கயும் நகர முடியல. இந்தாங்க, இப்பத்தான் எண்ணெயில பொரிச்சது, சூடா ஒரு டோர்த்தா. சர்க்கரை தூவவா?

நிபியா: வேணாம் சுல்மா... சும்மாவே நல்லா இருக்கும்.

சுல்மா: ஒரு வாய் மாத்தே டீ?

நிபியா: குடுங்க. நன்றி.

சுல்மா: மாத்தேக்கு முதல் சுத்துலயே நன்றின்னுட்டா போதும்னு அர்த்தம், அடுத்த சுத்து கிடையாதே. அதுவும் தெரியாம டீச்சர் வேலை பாத்தீங்களா?

யனினா: அம்மா...

சுல்மா: சும்மா சொன்னேண்டி. சிரிக்கறாங்க பாரு. உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன் டீச்சரம்மா. என்ன, அந்தப் பெரிய வெள்ளிக் கூத்து மட்டும்தான். கறி சாப்பிடக் கூடாத நாள்ல தெருவுல அடுப்பை வெச்சு மாட்டுக்கறி சுடுவாரே... மாதா கோயில் பவனி அந்தப் பக்கம் வரும்போது பாத்து, புகையை அவங்க மேல விசிறி விடுவாரு.

நிபியா: விசிறினது நான்தான் சுல்மா. அவரு கறியைத் திருப்பிப் போட்டுட்டிருப்பாரு.

சுல்மா: நீங்களா? அது தெரியாது எனக்கு. எங்க சபை ஆளுங்க அதைப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவாங்க. வெளியில சொல்ல மாட்டாங்க. சிலையத் தூக்கிட்டுப் போறவங்களுக்கு நல்லா வேணும்னு... கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

யனினா: அம்மா, பக்கத்து வீட்டு அந்தோனியேத்தாவுக்கு நாலு டோர்த்தா குடுத்துட்டு வரேன்னியே.

சுல்மா: மழை விடட்டும்.

யனினா: விட்டிருக்கு. தூறல்தான்.

சுல்மா: புரியுது, புரியுது. போறேன். டீச்சரம்மா, நான் வர்ற வரைக்கும் போயிடாதீங்க. தட்டு எங்கடி? ...சரி, சரி. கதவைச் சாத்திக்க, குளிருது.

யனினா: எதுவும் மனசுல வெச்சுக்காதீங்க மேடம். அம்மாவுக்கு வாய்தான் அப்படி. அவருக்காக மூணு வாரமும் ஜெபம் பண்ணிச்சு.

நிபியா: தெரியுமா அவருக்கு?

யனினா: நான்தான் சொன்னேன். 'உங்கம்மாவை அப்படியே என் மூட்டு வலியையும் சேத்துச் சொல்லிடச் சொல்லு, தனியா ஒரு மனு எதுக்கு'ன்னாரு.

நிபியா: சொல்லியிருப்பாரு. யனினா, நான் இந்தப் பெட்டிக்காக வரல.

யனினா: சொல்லுங்க.

நிபியா: அவரு போன அந்த வியாழக்கிழமை... வராந்தாவுல நீங்க என்கிட்ட சொன்னீங்க. அப்போ காதுல விழுந்துது, மண்டையில ஏறல. இன்னொரு தடவை சொல்ல முடியுமா?

யனினா: என்னன்னு மேடம்?

நிபியா: எல்லாத்தையும். நான் அறையை விட்டுப் போனதுலேருந்து.

யனினா: அதான் அன்னிக்கே...

நிபியா: மெதுவா சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்ல.

யனினா: பத்தேமுக்கால் இருக்கும், நீங்க கிளம்பினப்போ. மருந்துக்கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்னு சொன்னீங்க. அவரு தூங்கிட்டிருந்தாரு. அப்புறம் முழிச்சாரு. நிபியா எங்கேன்னு கேட்டாரு. இப்ப வந்துடுவாங்கன்னேன். சரின்னாரு. என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. மூச்சு கொஞ்சம் நீளமா விட்டாரு... அவ்வளவுதான். கஷ்டப்படல.

நிபியா: எந்தக் கை?

யனினா: ம்?

நிபியா: எந்தக் கையால புடிச்சாரு?

யனினா: இடது... இடது கை.

நிபியா: அதுலதானே டிரிப்ஸ் ஊசி இருந்துது.

யனினா: அப்ப வலதா இருக்கும். ரெண்டு மாசம் ஆச்சுல்ல.

நிபியா: தண்ணி கேட்டாருன்னு சொன்னீங்க அன்னிக்கு.

யனினா: ஆமா, கேட்டாரு. இப்ப சொல்ல விட்டுப்போச்சு.

நிபியா: குடிச்சாரா?

யனினா: ரெண்டு வாய். ...தண்ணியைச் சூடு பண்ணிட்டு வரேன் மேடம், மாத்தே ஆறிப்போச்சு.

நிபியா: இருக்கட்டும். உக்காருங்க. உங்க முழுப்பேர் யனினா பெரெய்ரா சோசா.

யனினா: ஆமா.

நிபியா: ஆஸ்பத்திரிக் காகிதத்தை எல்லாம் போன வாரம்தான் எடுத்து அடுக்கினேன். கூட இருந்தவங்க கையெழுத்துப் போட்ட தாள் ஒண்ணு. மூணு வாரம் தினம் காலையில ஆறு மணிலேருந்து பன்னெண்டு வரைக்கும் என் கூட இருந்திருக்கீங்க. முழுப்பேர் என்னன்னு நான் கேக்கவே இல்ல.

யனினா: யாரும் கேக்க மாட்டாங்க மேடம். 'ஏம்மா, பெட்பேன் எடு' அப்படின்னுதான்.

நிபியா: நீ... என் வகுப்புல இருந்தே. கடைசி வருஷம். ரெண்டாவது பெஞ்சு, ஜன்னலோரம். எல்லாப் பொண்ணுங்களும் ஜீன்ஸ் போட்டிருக்கும். நீ மட்டும் கணுக்கால் வரைக்கும் பாவாடை.

யனினா: மூணாவது பெஞ்சு.

நிபியா: உனக்கு எப்பத் தெரிஞ்சுது?

யனினா: முதல் நாளே. நீங்க அறைக்குள்ள வரல, வராந்தாவுலயே தொண்டையைச் செருமினீங்க. எனக்கு முதுகு நிமிர்ந்துடுச்சு. பாடம் ஆரம்பிக்கப் போகுதுன்னு.

நிபியா: ஒரு வார்த்தை சொல்லலையே நீ.

யனினா: என்ன சொல்றது? 'நீங்க ஃபெயில் போட்ட பொண்ணு வந்திருக்கேன்'னா? அங்க ஒருத்தர் மூச்சுக்குத் தவிச்சிட்டிருக்காரு. முகமூடி போட்டிருந்தேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

நிபியா: அந்தத் தத்துவப் பரீட்சையைப் பத்திப் பேசணும்.

யனினா: இருபத்திரண்டு வருஷம் ஆச்சு டீச்சர்.

நிபியா: இப்ப டீச்சர்ங்கறே.

யனினா: வாயில வந்துடுச்சு.

நிபியா: நான் சொல்றேன், தப்பா இருந்தா திருத்து. டிசம்பர். மத்தியானம் நாலு மணி, வெக்கை. மேசைக்குப் பின்னாடி நாங்க மூணு பேர், நடுவுல நான். நீ வந்து அடையாள அட்டையை வெச்சுட்டு ஒரு கேள்விச் சீட்டு எடுத்தே. 'ஆதாரம் இல்லாத ஒன்றை நம்புவது அறிவுக்குப் பொருந்துமா?'

யனினா: 'கடவுளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.' கீழ, பொடி எழுத்துல.

நிபியா: அதை எழுதினது நான்தான்.

யனினா: தெரியும். வருஷம் பூரா அதையேதானே சொன்னீங்க. ஆதாரம் இல்லாம நம்பறதும் பரீட்சை எழுதாம மார்க் கேக்கறதும் ஒண்ணுன்னு. நாங்க நோட்டுல எழுதி அடிக்கோடு போட்டோம்.

நிபியா: புத்தகத்துல இருந்ததை எல்லாம் நீ ஒழுங்கா சொன்னே. நம்பறவங்க கட்சி, நம்பாதவங்க கட்சி, ரெண்டுக்கும் நடுவுல நிக்கறவங்க. ஒரு இடத்துலயும் தடுக்கல. எல்லாம் முடிஞ்சப்புறம், 'நான் என்ன நெனைக்கறேன்னு சொல்லலாமா டீச்சர்'னு கேட்டே.

யனினா: கேக்காம இருந்திருக்கலாம். அத்தோட எந்திரிச்சுப் போயிருந்தா பாஸ்.

நிபியா: சொல்லுன்னேன். நீ சொன்னே. அது அப்படியே ஞாபகம் இல்ல... சாரம்தான் இருக்கு.

யனினா: எனக்கு அப்படியே இருக்கு.

நிபியா: சொல்லேன்.

யனினா: எதுக்கு டீச்சர்?

நிபியா: மறுபடி கேக்கணும் எனக்கு.

யனினா: எங்க அப்பா பண்ணையில வேலை பாத்தாரு. வாரம் பூரா அங்க, சனிக்கிழமை சாயங்காலம் பாலத்துக்கிட்ட பஸ்ஸை விட்டு இறங்குவாரு. நாலு வயசுலேருந்து நான் அங்க போய் நிப்பேன். இன்னிக்கு அவரு வருவாருங்கறதுக்கு என்ன ஆதாரம்னு யாராவது கேட்டிருந்தா எனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது. எங்க அப்பாவை எனக்குத் தெரியும், அதான் நிக்கறேன். ஒண்ணை நிரூபிச்சு ஒத்துக்கறது வேற, ஒருத்தரைத் தெரிஞ்சு நம்பறது வேறன்னு சொன்னேன். கடவுள் எனக்கு ரெண்டாவது வகை. அப்படி நம்பறவங்களை ஏமாளின்னு சொல்ல முடியாதுன்னேன்.

நிபியா: நல்ல பதில்.

யனினா: அன்னிக்கு நீங்க அப்படிச் சொல்லல.

நிபியா: இல்ல.

யனினா: 'அப்படியா? இப்பவும் சனிக்கிழமை வர்றாரா?'ன்னு கேட்டீங்க.

நிபியா: ...ஆமா.

யனினா: அப்பா எல்லை தாண்டி பிரேசிலுக்கு ஓடிப்போய் எட்டு மாசம் அப்போ. பண்ணையில சமையல் பண்ண பொண்ணு கூட. வெக்கைக்காகக் கதவைத் திறந்து வெச்சிருந்தீங்க. வெளியில வரிசையில ஆறு பொண்ணுங்க. ஆறு பேருக்கும் விஷயம் தெரியும்.

நிபியா: மேசையில என் பக்கத்துல இருந்த அந்தச் சரித்திர வாத்தியார் வேற சிரிச்சாரு.

யனினா: அவரு சிரிக்கல. இருமினாரு. சிரிச்சது நீங்க.

நிபியா: நானா?

யனினா: சத்தமா இல்ல. உதட்டோரத்துல.

நிபியா: இத்தனை வருஷமா அந்த ஆள் சிரிச்சதாத்தான் நான்... அந்த ஆளோட பேச்சையே குறைச்சுக்கிட்டேன் அதுக்கப்புறம். எவ்வளவு கேவலம்னு அவரை நெனச்சிருக்கேன்.

யனினா: பாவம். அவரு எனக்கு எட்டு மார்க் போட்டாராம். அப்புறமா எழுத்தர் சொன்னாரு. நீங்க மூணு போட்டீங்க.

நிபியா: பன்னெண்டுக்கு மூணு. பத்து போட்டிருக்கணும்.

யனினா: விடுங்க டீச்சர். உங்களுக்கு எங்க அப்பா கதை தெரிஞ்சிருக்காது, சும்மா எதார்த்தமா கேட்டிருப்பீங்கன்னு நானே சொல்லிச் சொல்லி ஆறிட்டேன்.

நிபியா: தெரியும்.

யனினா: என்ன?

நிபியா: தெரிஞ்சுதான் கேட்டேன். அந்தப் பண்ணைக்கு மாட்டு டாக்டர் தார்தோதானே. பெரெய்ரா சமையல்காரியோட போயிட்டான்னு அவருதான் மத்தியானச் சாப்பாட்டுல சொன்னாரு. 'பொண்ணு உன் வகுப்புலதான் படிக்குது, கொஞ்சம் பாத்துக்க'ன்னு சொன்னாரு. பாத்துக்கன்னு சொன்னவரு அவரு. நான் பாத்துக்கிட்டது இப்படி.

யனினா: அவரு அப்படிச் சொன்னாரா?

நிபியா: ஆமா.

யனினா: எனக்கு இது தெரியாது. ...தெரியாமலே இருந்திருக்கலாம்.

நிபியா: பெப்ரவரியில நீ மறுபடி வருவேன்னு பாத்தேன். வரல. ஜூலைலயும் வரல.

யனினா: மேசையில யாரு இருப்பா? நீங்கதானே. நர்ஸ் படிப்புக்கு அந்த ஒரு பாடம்தான் பாக்கி. அம்மா கெஞ்சிச்சு. நான் அரிசி மில்லுக்கு மூட்டை தைக்கப் போயிட்டேன். அப்புறம் வீட்டு வேலை, அப்புறம் இந்தத் துணைக்கிருக்கற வேலை. ஆஸ்பத்திரிக்குள்ளதான் வந்து சேந்தேன், வேற வாசல் வழியா.

நிபியா: உன் நம்பிக்கையும் போயிடுச்சா?

யனினா: அது எங்க போகும்? நம்பிக்கை அப்படியேதான் இருந்துச்சு. வாய்தான் போச்சு. சபையில சாட்சி சொல்லக் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேன். 'இப்பவும் வர்றாரா'ன்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு இருக்கும். ஆனா அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இருக்கு டீச்சர். ரெண்டு வருஷம் மூட்டை தைச்சுக்கிட்டே யோசிச்சேன். யாரும் கேக்கல, அதான் சொல்லல.

நிபியா: நான் கேக்கறேன்.

யனினா: வரல. எங்க அப்பா அந்தச் சனிக்கிழமை வரல, அதுக்கப்புறமும் வரல. அதனால நான் பாலத்துல நின்னது முட்டாள்தனம்னு ஆயிடாது. அவரு வராதது அவரு பண்ண தப்பு. நம்பி நின்னது என் தப்பு இல்ல.

நிபியா: ஆனா அதுக்கு முன்னாடி எத்தனையோ வருஷம் தவறாம வந்திருக்காரு இல்ல? அதுவே ஆதாரம்தானே? அப்ப நீ ஆதாரத்தை வெச்சுதான் நம்பியிருக்கே.

யனினா: பாத்தீங்களா, டீச்சர் எங்கயும் போகல.

நிபியா: மன்னிச்சுக்க. வாய் பழக்கம்.

யனினா: இல்ல, நல்ல கேள்விதான். முதல் சனிக்கிழமை? எனக்கு நாலு வயசு. அதுக்கு முன்னாடி எத்தனை தடவை வந்தாருன்னு கணக்குப் பாத்துட்டா போனேன்? எல்லாரும் முதல்ல நம்பித்தானே ஆரம்பிக்கறோம். சந்தேகப்படவே பின்னாடிதான் கத்துக்கறோம். அம்மா இது உன் அப்பான்னு சொன்னப்போ காகிதமா கேட்டேன்?

நிபியா: அம்மாவையும் அப்பாவையும் கண்ணால பாக்கறே. கடவுள் அப்படி இல்லையே.

யனினா: இல்லதான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பன்னெண்டுக்குப் பன்னெண்டு நான் கேக்கல டீச்சர். ஆறு போட்டு பாஸ் பண்ணி விட்டிருந்தா போதும். ஐயோ, அழாதீங்க. அம்மா வந்துடும்.

நிபியா: ஏன் அப்படிக் கேட்டேன்னு உனக்குச் சொல்லணும். யாருக்கும் சொன்னதில்ல. தார்தோவுக்கும் சொல்லல. அந்த வருஷம் செப்டம்பர்ல என் பொண்ணு லோரேனாவுக்கு மூளைக்காய்ச்சல். ஒன்பது வயசு. மொந்தெவிதேயோ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல தார்தோ கூடப் போயிட்டாரு. எனக்கு இடம் இல்ல, பின்னாடி பஸ்ல போனேன். ஆறு மணி நேரம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு வழி பூரா கும்பிட்டேன். யாரைக் கும்பிடறதுன்னு கூடத் தெரியல. எங்க வீட்டுல யாரும் சொல்லிக் குடுத்ததில்ல. எங்க அப்பா ஞானஸ்நானம்ங்கற வார்த்தையைக் கூட வீட்டுல சொல்ல விட மாட்டாரு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் 'தயவுசெஞ்சு'ங்கற ஒரு வார்த்தைதான். ஆறு மணி நேரமும் அதைத்தான் சொன்னேன்.

யனினா: பொண்ணு பொழச்சிடுச்சே.

நிபியா: பொழச்சுது. மருந்துதான் காப்பாத்துச்சு, எனக்கு அதுல சந்தேகம் இல்ல. ஆனா ஊருக்குத் திரும்பி வந்தப்புறமும் அந்தப் பழக்கம் நிக்கல. பாத்திரம் கழுவும்போது, மார்க் போடும்போது... உள்ளுக்குள்ள யார்கிட்டயோ பேசிட்டிருப்பேன். அங்க யாரோ இருக்கறது எனக்குத் தெரிஞ்சுது. ஆதாரம் கேட்டா ஒண்ணும் கிடையாது. தெரியும், அவ்வளவுதான். மறுநாள் வகுப்புல போய் நின்னு ஆதாரம் இல்லாம நம்பறவன் சோம்பேறின்னு பாடம் நடத்துவேன். அப்படி இருக்கும்போது டிசம்பர்ல நீ வந்து உக்காந்து, நான் எனக்குள்ளயே ஒளிச்சு வெச்சிருந்ததை, பாவாடை கட்டின ஒரு பதினெட்டு வயசுப் பொண்ணு, எல்லார் முன்னாடியும்... வெட்கம் தாங்கல யனினா. உன் மேல கோபம் இல்ல. என்னையே துணியில்லாம பாத்த மாதிரி இருந்துது.

யனினா: அதுக்காக எங்க அப்பாவை...

நிபியா: ஆமா. கைக்குக் கிடைச்ச கல்லு அதுதான். எடுத்து அடிச்சேன்.

யனினா: இருபத்திரண்டு வருஷமா யாருக்கும் தெரியாமயா கும்பிட்டீங்க?

நிபியா: யாருக்கும். கோயில் வாசப்படி மிதிக்கல. ஊர்ல எல்லாரும் என் மாணவங்க. பாத்தா என்ன சொல்லுவாங்க? தார்தோ என்ன சொல்லுவாரு? திட்ட மாட்டாரு. சிரிப்பாரு. நாப்பது வருஷம் ஒரே பக்கம் நின்னு விசிறி புடிச்சவ இப்படின்னு தெரிஞ்சா... அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன்.

யனினா: அவரு சிரிச்சிருக்க மாட்டாரு டீச்சர்.

நிபியா: உனக்கு எப்படித் தெரியும்?

யனினா: எனக்கு என்ன தெரியும்... சும்மா சொன்னேன்.

நிபியா: இன்னொண்ணு இருக்கு. இதைச் சொல்லிட்டுக் கிளம்பிடறேன். அந்த வியாழக்கிழமை நான் மருந்துக்கடைக்குப் போகல. காலையில சின்ன டாக்டர் வந்து பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம என் தோளைத் தட்டிட்டுப் போனாரு. எனக்குப் புரிஞ்சுடுச்சு. அறையில உக்காந்து கும்பிட முடியல, அவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அதைச் செய்யறது அவரை ஏமாத்தற மாதிரி இருந்துது. மருந்துக்கடைன்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இருக்கற பிளாசா சதுக்கத்தைத் தாண்டி கோயிலுக்குள்ள போனேன். வாழ்க்கையில முதல் தடவை. அஞ்சு நிமிஷம்னு நெனச்சுதான் போனேன். திரும்பி வரும்போது பதினொண்ணரை. நீ வராந்தாவுல நின்னுட்டிருந்தே. உன் முகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்.

யனினா: டீச்சர், போதும்.

நிபியா: முடிச்சுடறேன். எல்லாரும் கேட்டாங்க, கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தியான்னு. லோரேனா ஸ்பெயின்லேருந்து ஃபோன்ல கேட்டா. மருந்து வாங்கப் போயிருந்தேன்னு சொன்னேன். அம்மா என்ன பண்ணுவே, உன் தப்பு இல்லன்னு அவ அழுதா. அவரு கண்ணைத் திறந்து என்னைத் தேடினப்போ நான் எங்க இருந்தேன்? அவரு ஆயுசு பூரா சிரிச்ச ஒரு இடத்துல, அவருக்குத் தெரியாம, தரையில. கேட்டதும் கிடைக்கல, இருக்க வேண்டிய இடத்துலயும் இல்ல. அவரு தனியா போகல, ஒரு கையைப் புடிச்சிட்டுப் போனாரு. அது ஒண்ணுதான் என்னைத் தூங்க விடுது. உன் கை.

யனினா: டீச்சர், வேணாம்.

நிபியா: பஸ்ல வர்ற வழி பூரா கேள்வியா அடுக்கிட்டு வந்தேன். எந்தக் கை, எத்தனை வாய் தண்ணி, என்ன வார்த்தை. அன்னிக்குச் சொன்னதும் இன்னிக்குச் சொன்னதும் ஒத்துப் போகுதான்னு. கேக்கவும் ஆரம்பிச்சுட்டேன், பாத்தே இல்ல? இப்ப வேணாம். நீ சொன்னதை ஒத்துக்க எனக்கு ஆதாரம் தேவையில்ல. மூணு வாரம் உன்னைப் பாத்தேன். அவருக்கு நகம் வெட்டி விட்டே, முதுகுல புண்ணு வராம புரட்டிப் போட்டே, அவரு கிண்டலுக்கெல்லாம் பதில் சொன்னே. நான் உனக்குப் பண்ணினது தெரிஞ்சிருந்தும். உன்னை எனக்குத் தெரியும் யனினா. நீ சொன்னா நான் நம்பறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

யனினா: அப்படிச் சொல்லாதீங்க டீச்சர்.

நிபியா: ஏன்?

யனினா: என்னை நம்பறேன்னு சொல்லாதீங்க. வேற என்ன வேணா சொல்லுங்க.

நிபியா: உன்னைச் சங்கடப்படுத்திட்டேன். கிளம்பறேன். அம்மாகிட்ட...

யனினா: கோயில்ல நீங்க பெஞ்சுல உக்காரல. வலது பக்கம் தூணுக்குக் கீழ மண்டி போட்டிருந்தீங்க. பை சரிஞ்சு ஒரு ஆரஞ்சு உருண்டு போச்சு. நீங்க திரும்பிக் கூடப் பாக்கல.

நிபியா: ...அதை நான் உன்கிட்ட சொல்லலையே.

யனினா: இல்ல.

நிபியா: அறை ஜன்னல்லேருந்து பாத்தியா?

யனினா: ஜன்னல்லேருந்து கோயில் கதவு வரைக்கும்தான் தெரியும் டீச்சர். நீங்க உள்ள போறதைப் பாத்தேன். என்னால நாற்காலியில உக்கார முடியல. நீங்க மண்டி போடறதை என் கண்ணால பாக்கணும்னு இருந்துச்சு. மாடிப்படி இறங்கி, பிளாசாவைத் தாண்டி ஓடி வந்து, கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ஆசை தீரப் பாத்தேன். சிரிச்சேன் கூட. எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியல. கையைப் புடிச்சது மட்டும்தான் பொய் இல்ல... நான் திரும்பிப் போய்ப் புடிச்சப்போ அவரு கை ஆறிப்போயிருந்துச்சு.